தவறணையில் ஒரு சாவி

செத்த வீட்டில்கூடக் கொஞ்சம் அடக்கமாகப் பேசுவார்கள். ஊசிமலைத் தோட்டத்து ஆபீசில் அந்த அடக்கமும் இல்லை. மேசைமேல் ஒரு கம்பியூட்டர் வயிற்றைத் திறந்துகொண்டு கிடந்தது. பக்கத்தில் இரண்டு ஆம்பளைகள் நின்று, மூலையில் நின்ற பெண்தான் அதைக் கொன்றவள் என்று தீர்ப்பே எழுதிவிட்டிருந்தார்கள்.

வாசலில் நின்ற சிவசக்திக்குப் பார்த்த மாத்திரத்திலேயே பற்றிக்கொண்டு வந்தது. பதுளையில் பதினொரு வருஷமாக ஆட்டோ ஓட்டுகிறவள் அவள். இரண்டு வருஷமாகத் துப்பறியும் குமாரசிங்கத்துக்கு உதவியாளராகவும் இருக்கிறாள். உதவியாளர் என்பது அவர் வைத்த பேர். ஆட்டோ ஓட்டுவது, அவர் மறந்துவிட்டு வரும் மூக்குக்கண்ணாடியைத் தேடிக் கொடுப்பது, அவர் நாகரிகம் கருதி ஏசாமல் விட்டவர்களை அவருக்கும் சேர்த்து ஏசுவது, இதுதான் உத்தியோகம்.

குமாரசிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர். பதுளையில் காணிப் பதிவுக் கந்தோரில் முப்பது வருஷம் பொய்க் கையெழுத்துகளை மோப்பம் பிடித்தே ஓய்வு பெற்றவர். அந்த முப்பது வருஷத்தில் டவுனைத் தாண்டி ஒரு தேயிலைச் செடியைத் தொட்டுப் பார்த்ததில்லை. தேயிலையை அவர் கண்டதெல்லாம் கோப்பையில்தான்.

"மதர்போர்ட் போய்ட்டு," என்றான் முன்ஸிப். ஹாலிஎலையில் கம்பியூட்டர் கடை வைத்திருப்பவன். "இனி ஒண்டும் செய்யேலா. புது மெஷின் ஒண்டு எடுக்கோணும். தெரியாத ஆக்கள் கை வச்சா இப்பிடித்தான்."

தெரியாத ஆள் என்று அவன் சொன்னது யசோதினியை. தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்திலிருந்து படித்து ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண். அவள் ஏ.எல். படித்த காலத்தில் சிவசக்தியின் ஆட்டோவில்தான் பள்ளிக்கூடம் போனாள். நேற்று ராத்திரி போனில் அழுததும் சிவசக்தியிடம்தான்.

"கதை வேறை," என்று முன்னுக்கு வந்தார் கிருஷ்ணராஜ். தோட்டத்துப் பெரிய கிளாக்கர். அவரும் யாழ்ப்பாணத்துக்காரர்தான். வந்து மூன்று மாதம். "இதுக்குள்ள ரெண்டு டிஸ்க் இருந்தது. புதுசு இருக்கு. பழசைக் காணேல்லை. அதிலதான் வீட்டு லிஸ்ட் இருந்தது."

வீட்டு லிஸ்ட் என்றதும் யசோதினி தலையை நிமிர்த்தினாள். போன மழையில் கீழ் லயத்துக்கு மேலே மலை வெடித்திருந்தது. எந்தச் சுவரில் எத்தனை அங்குல வெடிப்பு என்று வீடு வீடாக டேப் பிடித்து அளந்து, யார் முதலில் புது வீட்டுக்குப் போகவேண்டும் என்று பட்டியல் போட்டது அவள். இப்போது அந்தப் பட்டியல் இல்லை. கிருஷ்ணராஜ் கையிலிருந்த வேறொரு பட்டியல்தான் மிச்சம்.

"இது சனிக்கிழமை மத்தியானம் நானே இந்த மெஷினில இருந்து அடிச்சு எடுத்தது. அப்ப ஒரு பிழையும் இல்லை, நல்லா வேலை செய்தது. பின்னேரம் இவ வந்து போனவ. திங்கள் காலமை மெஷின் செத்துப்போச்சு, டிஸ்க்கும் இல்லை. நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கோ."

"கொடைய மறந்துட்டேன்னு எடுக்க வந்தேங்க. அஞ்சு நிமிசம்," என்றாள் யசோதினி.

"அஞ்சு நிமிசம் போதுமே."

சிவசக்தியால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "ஏங்க, சனிக்கிழம பெரட்டு கலைஞ்ச பொறகு வேற யாரெல்லாம் இங்கிட்டு வந்தாங்க?"

"பெரட்டோ?" கிருஷ்ணராஜ் முகத்தைச் சுளித்தார். "உங்கட தோட்டத் தமிழ் எனக்கு விளங்காது பாருங்கோ. ஒழுங்கான தமிழிலை கதைக்கத் தெரிஞ்சால் கதையுங்கோ."

தினமும் காலையில் அவருடைய ஜன்னலுக்கு நேரே இருநூறு பேர் வரிசையில் நின்று பேர் கொடுத்து வேலை வாங்கிப் போகிறார்கள். அதற்குப் பேர்தான் பெரட்டு. நேற்று அதே பெரட்டில்தான் கங்காணியைக் கொண்டு, 'யசோதினி ஆபீஸ் சாமான் திருடியவள்' என்று வாசிக்கவும் வைத்தார். அதற்குப் பேர் என்னவென்று கேட்டறியத்தான் ஐயாவுக்கு நேரமில்லை. நாலு மணிக்குத் தோட்டத்து மேனேஜர் தொரை முன்னால் விசாரணை. வேலைநீக்கக் கடிதமும் ரெடி. கம்பியூட்டர் செத்துப்போனதால் கையாலேயே முத்து முத்தாக எழுதி வைத்திருந்தார்.

குமாரசிங்கம் மெஷினின் பொத்தானை அமுக்கினார். கறுப்புத் திரையில் வெள்ளையாக ஒரே ஒரு வரி வந்து நின்றது.

"பூட் ஆகாது," என்றான் முன்ஸிப்.

"பூட்டுன்னா சாவி யாருகிட்ட இருக்குன்னு தேடணும். ஒடைச்சு வித்துரலாம்னு சொல்றீங்களே," என்றாள் சிவசக்தி. முன்ஸிப் அவளை ஒரு பார்வை பார்த்தான். அப்படி எத்தனையோ பார்வையைப் பதுளை பஸ் ஸ்டாண்டில் பார்த்தவள் அவள்.

வெளியே ஆட்டோவுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் யசோதினி வாயைத் திறந்தாள்.

"போர்டு ஒன்னும் போகலங்க ஐயா. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி முன்ஸிப்தான் புது டிஸ்க் போட்டாரு. பழச கழட்டி வச்சுட்டு விண்டோஸ் ஏத்துங்கன்னு சொன்னேன். எனக்கே பாடம் எடுக்கிறியான்னு சிரிச்சாரு. ரெண்டும் மாட்டியிருந்ததால விண்டோஸ் புதுசுல உக்காந்துக்கிச்சு. ஆனா மெஷின எழுப்பி விடுற சின்னப் பகுதி மட்டும் பழசுல போய் உக்காந்துருச்சு."

"புது வீட்டுக்குக் குடி வந்துட்டு, சாவிய பழைய வீட்டு ஆணியிலயே மாட்டிட்டு வந்த கத," என்றாள் சிவசக்தி.

"அதேதான் அக்கா. போன மாசம் பழைய டிஸ்க் வயர் லூசாகி, இதே மாதிரி இதே வரியில நின்னுச்சு. வயர அமுத்தினேன், எழும்பிருச்சு. முன்ஸிப்கிட்ட சொன்னேன். காதுலயே வாங்கல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அந்தக் கூடத்துக்கு இப்போது போர்ட் என்று பேர் வைத்திருக்கிறார்கள் என்று சிவசக்தி நினைத்துக்கொண்டாள்.

குமாரசிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப பழைய டிஸ்க் கழண்ட நேரத்தில இருந்து மெஷின் எழும்பவே எழும்பாது?"

"எழும்பவே எழும்பாதுங்க."

"இதை உள்ளுக்கு ஒருத்தருக்கும் மூச்சுவிடாதை, பிள்ளை," என்றார் அவர்.

அந்த நேரம் பார்த்து அவருடைய போன் அடித்தது. யாரோ ஒரு ஆண் குரல், அவசர அவசரமாக நாலு வார்த்தை. அப்புறம் கட். குமாரசிங்கத்தின் முகம் மலர்ந்துவிட்டது. "சிவசக்தி, ஆட்டோவை எடு. டிஸ்க் இருக்கிற இடம் தெரிஞ்சு போச்சு. கள்ளுக்கடைக்கு விடு."

"எந்தக் கள்ளுக்கடைக்கு?"

"பக்கத்தில எத்தனை இருக்கோ அத்தனைக்கும்."

அதற்குப் பிறகு நடந்ததை எந்த மனுஷியிடமும் சொல்லிக்கொள்ள முடியாது. தெமோதரையிலிருந்து ஹாலிஎல வரைக்கும் குடிக்கிற கடை ஒன்றைக்கூட அவர்கள் விடவில்லை. குமாரசிங்கம் வெள்ளைச் சட்டை, கறுத்தக் குடையோடு உள்ளே போய், "இங்கை ஒரு டிஸ்க் இருக்கோ?" என்று மரியாதையாகக் கேட்பார். ஒருவன் கருவாட்டுத் தட்டைக் கொண்டுவந்து வைத்தான். இன்னொருவன் பாட்டுப் போடச் சொல்கிறார் என்று நினைத்து ரேடியோவைச் சத்தமாக வைத்தான். மூன்றாவது கடையில் ஒரு பெரியவர் சிவசக்தியை ஓரமாகக் கூப்பிட்டு, "அப்பாவ இப்பிடியெல்லாம் அலைய விடாத தாயி, வீட்டுல வச்சே குடு," என்று புத்தி சொன்னார்.

மணி இரண்டரை. சிவசக்தி ஆட்டோவை ரோட்டோரம் நிறுத்திச் சாவியைத் திருகி எடுத்தாள்.

"ஐயா, நாலு மணிக்கு அந்தப் புள்ளைக்கு வேல போகப் போகுது. நீங்க என்னடான்னா கட கடையா ஏறி எறங்குறீங்க. போன்ல என்னதான் சொன்னான் அந்தப் புண்ணியவான்? ஒரு எழுத்து விடாம சொல்லுங்க."

"சொன்னனானே. டிஸ்க் கள்ளுக்கடையில இருக்காம்."

"அது நீங்க சொன்னது. அவன் சொன்னதச் சொல்லுங்க."

குமாரசிங்கம் கண்ணை மூடி ஞாபகப்படுத்தினார். "'ஐயா, பொட்டியில இருந்து எடுத்த சாமான் தவறணையில கெடக்குதுங்க. சனிக்கெழம காலையிலயே பாத்தேன். எம் பேரு வெளிய வந்துரக் கூடாதுங்க.' அவ்வளவுதான். தவறணை எண்டால் உனக்கு விளங்காதோ எண்டுதான் கள்ளுக்கடை எண்டு மாத்திச் சொன்னனான்."

சிவசக்தி ஹேண்டில்பாரில் தலையை வைத்துச் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது.

"அட கடவுளே! ஐயா, ஒங்க ஊருலதான் தவறணன்னா கள்ளுக்கடை. எங்க தோட்டத்துல தவறணன்னா தேயிலக் கன்னு வளக்குற எடம்! முப்பது வருசம் இந்த ஊரு தண்ணியக் குடிச்சீங்களே, ஒரு நாளாச்சும் ஒரு தோட்டத்துக்குள்ள காலெடுத்து வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்ல? எனக்கு வெளங்காதுன்னு மொழிபேர்த்துச் சொன்னாராம்ல, எனக்கு!"

குமாரசிங்கம் குடையை மடியில் வைத்துக்கொண்டு சின்னப் பையனைப்போல் உட்கார்ந்திருந்தார். ஆட்டோ வந்த வழியே திரும்பிப் பறந்தது.

தவறணை ஆபீசுக்குக் கீழே ஓடைக்கரையில் இருந்தது. மேலே நிழல் வலை. கீழே மண் நிரப்பிய பொலித்தீன் பைகளில் விரலளவு கன்றுகள், வரிசை வரிசையாக. ஒவ்வொரு வரிசையின் தலைப்பிலும் அதைப் பார்க்கிற பெண்ணின் பேர் எழுதிய தகரத் துண்டு. தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த பொன்னையா அவர்களைக் கண்டதும் கையிலிருந்த குழாயை நழுவ விட்டார். யார் போன் பண்ணியது என்று கேட்கவே தேவையிருக்கவில்லை.

"நான் ஒன்னும் சொல்லலங்க," என்றார். சொல்லிக்கொண்டே கண்ணால் நாலாவது வரிசையைக் காட்டினார்.

சிவசக்தி குனிந்து கடைசிப் பைகளை ஒதுக்கினாள். சுலபமாகவே கைக்கு வந்தது. இரண்டு பொலித்தீன் பை போட்டு, ரப்பர் போட்டு இறுக்கிச் சுற்றிய டிஸ்க். அவளுக்குச் சந்தோஷத்தில் கத்தத் தோன்றியது. அப்போதுதான் தகரத் துண்டைப் பார்த்தாள். கருப்பம்மா.

யசோதினியின் அம்மா.

"ஐயா," என்றாள். "இது அவ அம்மா வரிசை."

"பார்த்தனான்." குமாரசிங்கம் பொட்டலத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "களவெடுத்ததை ஒழிக்கிறவன் ஓடையில எறிவான். இவன் ஒரு சொட்டுத் தண்ணி படாமல், பிள்ளைக்குச் சோறு கட்டினது மாதிரிக் கட்டி வைச்சிருக்கிறான். ஏன் தெரியுமோ? திரும்ப எடுத்துக் காட்ட வேணும். நாலு மணிக்கு எல்லாரையும் இங்கை கூட்டிக்கொண்டு வந்து, தாயும் மகளும் சேர்ந்து செய்த களவு எண்டு காட்டுறதுக்கு."

"பொன்னையாண்ணே, நீங்க வந்து, பாத்தத மட்டும் சொல்லுங்கண்ணே," என்று சிவசக்தி கெஞ்சினாள்.

பொன்னையா தலையை ஆட்டிக்கொண்டே பின்னுக்குப் போனார். "சனிக்கெழம பெரட்டு முடிஞ்சு தண்ணி விட வந்தப்பவே இருந்துச்சு தாயி. ஆனா நான் பேச மாட்டேன். என் வீட்டுச் செவருல கையே போற அளவுக்கு வெடிப்பு. பெரிய கிளாக்கர் நெனச்சா லிஸ்டுலயிருந்து என் பேர எடுத்துருவாரு."

"ஆளைக் கஷ்டப்படுத்தாதை, சிவசக்தி," என்றார் குமாரசிங்கம். "சாட்சி மேசைமேல கிடக்கு. நீ உள்ளை போனதும் எங்கை கிடைச்சது எண்டு ஒரு சொல்லுத்தான் சொல்லவேணும். நான் ஏமாந்த அதே சொல்லு."

சரியாக நாலு மணிக்குத் தொரை வந்து உட்கார்ந்தார். எதிரே கிருஷ்ணராஜ், பக்கத்தில் முன்ஸிப். யசோதினி நின்றுகொண்டிருந்தாள். அவளை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை. சிவசக்தி நேராகப் போய் மண் ஒட்டிய பொட்டலத்தை மேசைமேல் வைத்தாள்.

"காணாமப் போன டிஸ்க்குங்க தொரை. தவறணையில கெடந்துச்சு."

வேறொன்றும் சொல்லவில்லை. முன்ஸிப் மேலும் கீழும் பார்த்து, "ஓ, குடிக்கிற இடத்துல வித்துட்டாங்களா?" என்றான். கிருஷ்ணராஜோ நாற்காலியிலிருந்தே எழும்பிவிட்டார்.

"பாத்தீங்களோ சேர்! நான் சொன்னனானே! இவவின்ரை தாய் வேலை செய்யிற இடம்! நாலாவது வரிசையிலதானே கிடந்தது?"

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றானாம் ஒருவன். இவர் குதிரின் நம்பரையும் சேர்த்தே சொல்லிவிட்டார். சிவசக்தி குமாரசிங்கத்தைத் திரும்பிப் பார்த்தாள். அவர் மெல்லக் கனைத்தார்.

"கிருஷ்ணராஜ், நானும் உம்முடைய ஊர்தான். தவறணை எண்டு கேட்டவுடனை கள்ளுக்கடை எண்டு நினைச்சு, இண்டைக்கு மூண்டு கடை ஏறி இறங்கின மடையன் நான். முன்ஸிப்பும் அப்பிடித்தான் நினைச்சவர். பெரட்டு எண்டால் என்னெண்டு விளங்காத உமக்கு, தவறணை மட்டும் வரிசை நம்பரோடை எப்பிடி ஐசே விளங்கினது?"

"அது... யாரோ சொல்லிக் கேள்விப்பட்டது," என்றார் கிருஷ்ணராஜ். முகம் வெளிறினாலும் வாய் குறையவில்லை. "அதெல்லாம் ஒரு சாட்சியோ? மெஷின் சனிக்கிழமை மத்தியானம் வேலை செய்தது. நான்தான் லிஸ்ட் அடிச்சனான். அதுக்குப் பிறகு வந்தது இவதான்."

"சந்தோசம். அதை இன்னொருக்காச் சொல்லும். தொரை கேட்கட்டும்."

கிருஷ்ணராஜ் இன்னொரு தடவை சொன்னார். அழுத்தமாகவே சொன்னார். குமாரசிங்கம் யசோதினியைப் பார்த்துத் தலையசைத்தார். அவள் பொட்டலத்தைப் பிரித்து, பழைய டிஸ்க்கை அதன் இடத்தில் வைத்து, இரண்டு வயரையும் மாட்டினாள். பொத்தானை அமுக்கினாள்.

கறுப்பு. மறுபடியும் கறுப்பு. முன்ஸிப் சிரிக்க வாயெடுத்தான். திரை நீலமாக விரிந்து, ஒன்றுமே நடக்காததுபோல் கம்பியூட்டர் எழும்பி நின்றது.

"போர்டு உயிரோட வந்துருச்சே முன்ஸிப்," என்றாள் சிவசக்தி. "எந்த டாக்டர்கிட்டக் காட்டினீங்க?"

யசோதினி திரையில் ஒரு பக்கத்தைத் திறந்து தொரைப் பக்கம் திருப்பினாள். "மெஷின எப்ப போட்டோம், எப்ப அணைச்சோம்னு அதுவே எழுதி வச்சுக்கும்ங்க. கடைசியா அணைச்சது வெள்ளிக்கிழம நாலு முப்பத்தெட்டுக்கு. நான்தான் அணைச்சேன். அதுக்கப்புறம் இப்பத்தான் எழும்புது. சனிக்கிழம இது எழும்பவே இல்லங்க. பழைய டிஸ்க் இல்லாம இதால எழும்ப முடியாது."

தொரை மெதுவாக முன்ஸிப்பைப் பார்த்தார். முன்ஸிப் தன் கழுத்தைத் தானே காப்பாற்றிக்கொள்ளத் துணிந்தான்.

"எனக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல சேர். வெள்ளிக்கிழம பின்னேரம் இவர்தான் கோல் எடுத்துக் கேட்டார், பழைய டிஸ்க்கக் கழட்டினா மெஷின் ஓடுமாண்டு. நான் ஓடும், அதுல ஒண்டும் இல்லண்டு சொன்னேன்."

சிவசக்தி கையைத் தட்டியே விட்டாள். வேலை தெரியாதவன் பேச்சைக் கேட்டுக் களவுக்குப் போனால் இப்படித்தான். முன்ஸிப்புக்கு ஒழுங்காகத் தொழில் தெரிந்திருந்தால், பெரிய கிளாக்கர் சனிக்கிழமை என்ற பொய்யையே சொல்லியிருக்க மாட்டார். அந்த ஒரு பொய் இல்லையென்றால் இந்தப் பெண்ணைக் காப்பாற்றக் குமாரசிங்கத்தாலும் முடிந்திராது.

"அப்ப உந்த லிஸ்டை எந்த மெஷினில அடிச்சனீர்?" என்று கேட்டார் குமாரசிங்கம். கிருஷ்ணராஜ் தன் காலடியில் இருந்த லேப்டொப் பையைக் காலாலேயே மேசைக்கு அடியில் தள்ளினார். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை.

யசோதினி உண்மையான பட்டியலைத் திறந்தாள். முதல் பேர் பொன்னையா. கிருஷ்ணராஜின் பட்டியலில் அந்தப் பேரே இல்லை; வெடிப்பே இல்லாத வீடுகள்தான் முன்னுக்கு நின்றன. இரண்டு காகிதத்தையும் அருகருகே வைத்துப் பார்த்த தொரையின் காது சிவந்தது. பொன்னையா எதை இழந்துவிடுவோம் என்று பயந்து வாயை மூடினாரோ, அது ஏற்கனவே போயிருந்தது. ஆனாலும் சாட்சியாக அந்த மனுஷனின் பேரைச் சிவசக்தி உச்சரிக்கவில்லை.

தொரை வேலைநீக்கக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். "யசோதினி, நீ போய் வேலையப் பாரு. முடிஞ்சிச்சு."

யசோதினி நகரவில்லை. "முடியலங்க தொரை."

அவள் நாற்காலியை இழுத்து, யாரும் சொல்லாமலே கம்பியூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கீபோர்டில் விரல்கள் ஓடின. பிரின்டர் ஒரு காகிதத்தைத் துப்பியது. யசோதினி ஒன்றும் திருடவில்லை, கருப்பம்மாவும் ஒன்றும் திருடவில்லை, பெரட்டில் வாசித்தது பொய், நிர்வாகம் மன்னிப்புக் கேட்கிறது. நாலே வரி. தொரை இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"நேத்து எங்க அம்மா நின்னுக்கிட்டு இருக்கிறப்ப, இருநூறு பேருக்கு முன்னாடி வாசிச்சாங்க," என்றாள் யசோதினி. "நாளைக்கும் அதே எடத்துல வாசிக்கணும்."

"கங்காணிகிட்ட சொல்றேன்."

"கங்காணி வேணாங்க தொரை. பெரிய கிளாக்கரே வாசிக்கட்டும். போலீசு அதுக்கப்புறம் வரலாம்." காகிதத்தை எடுத்து கிருஷ்ணராஜின் முன்னால் வைத்தாள். "காலையில ஆறரைக்கு வந்துருங்க ஐயா. பெரட்டுன்னா என்னன்னு நாளைக்கு ஒங்களுக்கு வெளங்கிரும்."